யுத்தத்தைத் திருப்பியது விதியா? மதியா?

1939-ம் வருஷம் முதல் 1945-ம் வருஷம் வரை உலகத்தை ஆட்டிவைத்த யுத்தத்தைப்பற்றிப் பேச்சு வந்தால், "ஹிட்லருக்குக் கிரகம் சரியில்லாமல் போயிற்று" என்றும், "ஜப்பானுக்குக் கெட்ட காலம் பிறந்தது" என்றும், "தெய்வம் நின்று கொன்றது" என்றும் நம்மவர்கள் சொல்லக் கேட்கின்றோம். படியாதவர்கள்தான் இப்படிச் சொல்லுகின்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். சரித்திரப் பரீட்சையில் தேறினவர்களும் தேதிகளையெல்லாம் ஒப்பித்துவிட்டுக் கடைசியில் "எல்லாம் விதி" என்றுதான் முடிக்கின்றார்கள். நாம் காலேஜில் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் நடந்த சங்கதிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால், யுத்தம் திரும்பின எந்த இடத்திலும் கிரகத்தைக் காணோம். ஒரு பக்கத்தில் மனிதனுடைய புத்தியையும் உழைப்பையும், மறு பக்கத்தில் மனிதனுடைய அகம்பாவத்தையும்தான் காண்கின்றோம்.

முதலில் மிட்வே சண்டையை எடுத்துக்கொள்ளுவோம். 1942-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பின்மேல் குண்டு போட்டன. அந்த மாதத்தில் சென்னைப் பட்டணத்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினார்கள். கொழும்பைத் தாக்கின விமானங்களைச் சுமந்துவந்த கப்பல்களில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும், காகா என்ற மற்றொன்றுமாக நான்கு கப்பல்கள் இரண்டு மாதம் கழித்து, பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள மிட்வே என்னும் சின்னத் தீவைப் பிடிக்கப் போயின. ஜூன் 4-ந் தேதி சண்டையில் அடிபட்டு நான்கும் மூழ்கிப்போயின.

இது எப்படி நடந்தது? ஹவாய்த் தீவில் ரோச்போர்ட் என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய கூட்டத்தாரும் ஒரு நிலவறையில் உட்கார்ந்து, ஜப்பானியர்களுடைய சங்கேத பாஷையை இராப்பகலாக உடைத்துக்கொண்டிருந்தார்கள். "ஏ.எப்." என்ற இடத்தைத் தாக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் அது எந்த இடம்? மிட்வேயாகத்தான் இருக்கவேண்டும் என்று ரோச்போர்ட் நினைத்தார். நினைத்ததை நம்பிக்கொண்டு சும்மா இருந்தாரா? இல்லை, சோதித்துப் பார்த்தார்கள். "எங்கள் தீவில் குடிதண்ணீர் இயந்திரம் பழுதாகிவிட்டது" என்று மிட்வேயிலிருந்து வெளிப்படையாக ஒரு பொய்த் தந்தி அடிக்கச் செய்தார்கள். சீக்கிரத்திலேயே ஜப்பானியர்கள், "ஏ.எப்.பில் தண்ணீர்க் குறைவு" என்று தங்கள் சங்கேதத்தில் சொல்லிக்கொண்டது காதில் விழுந்தது. சந்தேகம் தீர்ந்தது. சந்தேகப்படு, சோதித்துப் பார், பிறகு நம்பு என்பதல்லாமல் இதில் வேறு என்ன மந்திரம் இருக்கின்றது?

அதே சமயத்தில் யார்க்டவுன் என்ற அமெரிக்கக் கப்பல் பவளக் கடல் சண்டையில் பலத்த அடிபட்டுத் துறைமுகம் வந்து சேர்ந்தது. பழுது பார்க்க 90 நாள் வேண்டும் என்றார்கள். சுமார் 1,400 தொழிலாளிகள் இரவு பகல் பாராமல் வேலை செய்து, மூன்றே நாளில் அதைச் சண்டைக்கு அனுப்பினார்கள். அந்தச் சண்டையில் அது மூழ்கிப்போயிற்று என்றாலும், அதனுடைய விமானங்கள் செய்த வேலை வீண்போகவில்லை. சேனாதிபதிகளுக்குச் சிலை வைத்தவர்கள், இந்தத் தொழிலாளிகளில் எத்தனை பேருடைய பெயரை எழுதி வைத்தார்கள் என்று கேட்கின்றோம்.

"அதிர்ஷ்டமே இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். தற்செயல் இருந்தது, அதை மறுக்க நாம் வரவில்லை. முதலில் தாழப் பறந்து தாக்கின ஒரு பிரிவில் 15 விமானங்களும் சுட்டு வீழ்த்தப்பட்டு, 30 பேரில் ஒருவரே பிழைத்தார். அதன் பின் மெக்ளஸ்கி என்பவர் தலைமையில் வந்த விமானங்கள் எதிரியைக் காணாமல் எண்ணெய் தீரும் தறுவாயில் அலைந்துகொண்டிருந்தன. அப்பொழுது ஒரு ஜப்பான் கப்பல் தனியாக வேகமாய் ஓடுவது கண்ணில் பட்டது. அது தற்செயல்தான். ஆனால், "இவ்வளவு அவசரமாய் ஓடுகிறதென்றால் தன் கூட்டத்தோடு சேரத்தான் ஓடுகின்றது" என்று யோசித்து அதன் வழியே போனது தற்செயல் அல்ல; அதுதான் மதி. தற்செயல் எல்லார் வாசலுக்கும் வரும். யோசிக்கிறவனுக்குத்தான் அது உதவும்.

இனி எதிர்ப்பக்கத்தைக் கவனிப்போம். சண்டைக்குப் புறப்படுமுன் ஜப்பான் தளபதிகள் மேஜையின்மேல் பொம்மைக் கப்பல்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். அதில் தங்கள் கப்பல் மூழ்கும்படி தீர்ப்பு வந்தது. ஒத்திகையை நடத்தின தலைமை அதிகாரி உகாகி, "அவ்வளவு குண்டுகள் விழுந்திருக்காது" என்று கணக்கைத் தாமே குறைத்துக்கொண்டார்! மேஜையின்மேல் மூழ்கின கப்பலை வார்த்தையினால் மிதக்க வைக்கலாம். சமுத்திரத்தில் முடியுமா?

நிற்க, ஸ்டாலின்கிராட் சங்கதியைப் பார்ப்போம். ஜெர்மானியர்களை ருஷ்யக் குளிர் தோற்கடித்தது என்கின்றார்கள். குளிர் ஜெர்மானியனுக்கு மட்டுமா அடித்தது? ருஷ்யாவில் டிசம்பர் மாதத்தில் குளிரும் என்பது பஞ்சாங்கம் பாராமலே தெரிந்த சங்கதி அல்லவா? 1941-ல் குளிருக்கு முன்பே ஜெயித்துவிடுவோம் என்ற மமதையினால், போதுமான கம்பளி உடுப்புக்கூட இல்லாமல் சிப்பாய்களை மாஸ்கோ வரை ஓட்டியது குளிரின் குற்றமா?

ருஷ்யத் தலைவர் ஸ்டாலினும் ஆரம்பத்தில் இந்தக் குற்றத்துக்கு விலக்கானவர் அல்ல. ஜெர்மனி பாயப்போகிறது என்று பல பக்கத்திலிருந்தும் வந்த எச்சரிக்கைகளைத் தள்ளிவிட்டார். 1941 ஜூன் 22-ந் தேதி பாய்ந்தார்கள். லட்சக்கணக்கான ருஷ்யச் சிப்பாய்கள் பிடிபட்டார்கள். ஆனால் அடிபட்ட பிறகு அவர் ஷுகோவ், வாசிலெவ்ஸ்கி முதலிய தளபதிகளின் யோசனைக்குக் காது கொடுத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பெயர்த்து ரயிலேற்றிக் கிழக்கே கொண்டுபோய் மறுபடியும் நடத்தினார்கள். ஹிட்லரோ அதற்கு நேர்மாறாக, 1941 டிசம்பரில் தரைப்படைத் தலைமையையும் தானே எடுத்துக்கொண்டு, பிறர் சொல்லுவதைக் கேட்பதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டான்.

1942 நவம்பர் 19-ந் தேதி ருஷ்யர்கள், பலங்குறைந்த ருமேனியப் படைகள் காவலிருந்த பக்கங்களைப் பார்த்து உடைத்தார்கள். நான்கு நாளில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வளைக்குள் சிக்கினார்கள். சிக்கின படையின் தலைவர் பவுலஸ் வெளியேற அனுமதி கேட்டார், ஹிட்லர் மறுத்துவிட்டான். ஆகாய மார்க்கமாகவே சாமான் அனுப்பிவிடுவதாகக் கோயரிங் வாக்குக் கொடுத்தான். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். போய்ச் சேர்ந்ததோ சராசரியில் அதில் பாதிகூட இல்லை. இது கிரகக் கணக்கா, கூட்டல் கழித்தல் கணக்கா? 1943 பிப்ரவரி 2-ந் தேதி எல்லாம் முடிந்தது. பிடிபட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பினவர்கள் சுமார் 6,000 பேர்தான்.

அந்த ஜெர்மன் சிப்பாய்களுடைய இடுப்புவாரில் "கடவுள் நம்மோடு" என்று பொறித்திருந்தது. இங்கிலாந்திலோ 1940 மே 26-ந் தேதி தேசமெங்கும் பிரார்த்தனை நாள் கொண்டாடினார்கள். ஜப்பானியர்கள் உயிரை விடப்போகும் விமானப் படைக்குத் "தெய்வக் காற்று" என்றே பெயர் வைத்தார்கள். எல்லாப் பக்கத்தாரும் கூப்பிட்டார்கள் என்றால், கூப்பிட்டதனால் யுத்தம் திரும்பிற்று என்று எப்படிச் சொல்ல முடியும்?

தோழர்களே! இவ்வளவையும் சொல்லுவது பழைய சண்டைக்கதை பேசிப் பொழுது போக்குவதற்காக அல்ல. விதி என்று சொன்னால் லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். சோவியத் நாட்டில் மாத்திரம் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் இந்த யுத்தத்தில் மாண்டார்கள். விதி என்று சொன்ன மாத்திரத்தில், எச்சரிக்கையைத் தள்ளினவனும், பொய் வாக்குக் கொடுத்தவனும், கணக்கைத் திருத்தினவனும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விடுகிறான். நிலவறையில் கண் விழித்தவனுக்கும், கப்பலைப் பழுது பார்த்தவனுக்கும் சேரவேண்டிய பெருமையும் போய்விடுகின்றது. செத்தவன் மாத்திரம் செத்தவனாகவே கிடக்கின்றான்.

ஆகவே, "தலைவன் சொன்னால் சரிதான்" என்று வாய் மூடி நின்ற இடத்திலெல்லாம் யுத்தம் தோல்விப் பக்கம் திரும்பிற்று என்பதையும், "அப்படியா, பார்க்கலாம்" என்று சோதித்த இடத்திலெல்லாம் வெற்றிப் பக்கம் திரும்பிற்று என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் யாராவது உங்களிடம் வந்து "எல்லாம் விதி" என்றால், "அந்த விதியை எழுதின கை எந்த மனிதனுடைய கை?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அது போதும்.