மலையும் மார்தட்டலும்

நாஞ்சில் நாட்டு வாலிபர்களிடையே ஓர் ஆசை வளர்ந்து வருகிறது. கன்னியாகுமரியில் முக்கடலையும் கும்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறினால், லடாக்கில் கார்துங் லா கணவாயில் போய்த்தான் இறங்கவேண்டும் என்பது அந்த ஆசை. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு முனை ஸ்ரீநகரிலும் மறு முனை நம் கடற்கரையிலும் இருக்கும்போது இப்படித் தோன்றுவது இயல்புதான். பாரத நாட்டைக் கண்ணாரக் கண்டு வருவது நல்ல காரியம். ஆகையால், "போகாதே" என்று தடுக்கும் தாய்மார்களின் கட்சியில் நாம் சேரப்போவதில்லை.

ஆனால், புறப்படுமுன் பிரேக்கைச் சோதித்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, டயரைத் தட்டிப் பார்க்கும் இவர்கள், தங்கள் மூச்சைப் பற்றி மட்டும் நினைப்பதில்லை.

நம் எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியின் உயரம் சுமார் 5,400 அடி. லே நகரமோ சுமார் 11,500 அடி. கார்துங் லா 17,582 அடி. அங்கேயும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்குதான். ஆனால் காற்றே மெலிந்துவிடுகிறது. கணவாயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி. இதற்குப் பழக உடம்புக்குச் சில தினங்கள் வேண்டும். அவகாசம் கொடாவிட்டால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை என்று அது முறையிடும். அதைக் கேளாமல் மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே அபாயம் நேரலாம்.

"எனக்கு இரும்பு உடம்பு!" என்று மார்தட்டும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வோம். 1962-ஆம் ஆண்டுச் சீன யுத்தத்தின்போது நம் போர்வீரர்கள் சமவெளியிலிருந்து அவசரமாக மலைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு இல்லாத தேகபலமா? எனினும் பலர் இந்நோய்க்கு ஆளானார்கள். ராணுவ வைத்தியர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1,925 வீரர்களிடம் கண்டவற்றை 1969-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பலசாலி வேகமாக ஏறிவிடுகிறான். அதுவே அவனுக்கு வினையாகிறது.

இதற்கு முதல் மருந்து பொறுமை. 10,000 அடிக்கு மேலே, ஒவ்வோர் இரவும் படுக்கும் இடம் முந்தின இரவைவிட 1,600 அடிக்கு அதிகமாக உயரலாகாது. மணாலியிலிருந்து கிளம்பி மறு இரவே 14,000 அடியிலுள்ள சர்ச்சுவில் தங்குவோர் படும் அவஸ்தை பிரசித்தம். ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் செல்வது உடம்புக்கு இதமானது. லேயில் இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டும். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடா. அசெட்டஸோலமைடு என்ற மாத்திரை உதவும். ஆனால் வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும், நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறங்கவேண்டும். நோயாளியை வண்டி ஓட்ட விடலாகாது. தனியே அனுப்பவும் கூடாது.

நண்பர்கள் நகைப்பார்களே என்று தலைவலியை மறைப்பவர்கள் உண்டு. அத்தகையவனைத் தாமே கண்டுகொண்டு, கணவாயைத் துறந்து அவனோடு திரும்புகிறவர்களே நல்ல துணைவர்கள்.

வீட்டிலிருக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. டெலிபோனில் பிள்ளையிடம், "எதுவரை போய்விட்டாய்?" என்று கேட்காதீர்கள். "நேற்றிரவு தூங்கினாயா, தலை வலிக்கிறதா?" என்று கேளுங்கள்.