வரும் வழி தெரியும், போகும் வழி?

பெங்களூர் மக்கள் குடிக்கும் காவிரித் தண்ணீர் எளிதில் கிடைப்பதல்ல. 1974-ஆம் ஆண்டு முதல், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. வரும் வழி எல்லோரும் அறிந்ததே. போகும் வழி?

அல்சூரிலும் விவேக் நகரிலும் துணி துவைத்த தண்ணீர் சாக்கடையில் கலந்து பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. பிறகு வர்த்தூர் ஏரி, தென்பெண்ணை ஆறு, ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அங்கே விவசாயிகளின் வயலில் பாய்கிறது. பிழைப்புக்காக இங்கு வந்தவர்களின் சோப்பு நுரை, ஊரில் உள்ள உறவினரின் நிலத்துக்கே போய்ச் சேருகிறது!

சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும், அவற்றுக்குத் தப்பி வரும் கழிவுதான் நுரையாகப் பொங்குகிறது. 2015 மே மாதம் பெல்லந்தூரில் அந்த நுரை தீப்பற்றியே எரிந்தது. கெலவரப்பள்ளி அணையிலும் மதகு திறந்தால் நுரை குவிகிறது.

நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகிறது என்பது பள்ளிப் பாடம். ஆவியாவது நீர் மட்டுமே; அழுக்கு ஏரியிலும் வயலிலும் தங்கிவிடும். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கும் மாணவர்கள் கற்கும் இந்த உண்மையை ஆட்சியாளர்களும் உணர வேண்டும்.

சுத்திகரிக்காத கழிவு ஒரு சொட்டுக்கூட ஏரியில் விழக்கூடாது. மக்களும் சலவைத் தூளை அளவோடு பயன்படுத்த வேண்டும். காவிரியில் எத்தனை டி.எம்.சி. என்று வாதாடும் இரு மாநில அரசுகளும், தென்பெண்ணையில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதையும் உட்கார்ந்து பேசட்டும்.