அம்மாவின் அடுப்படியும் இரண்டு விலைப்பட்டியலும்

ஜூலை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் அம்மா வீட்டில் சீனி டப்பாவை எடுக்க மேல் கெபினட்டைத் திறந்தேன். கதவு கையோடு வந்துவிட்டது. கீல் இருந்த இடத்தில் பலகை இல்லை, வெறும் தூள்தான். உள்ளே கரையான் கட்டிய மண்கோடு மேல்தட்டு வரைக்கும் ஏறியிருந்தது.

"அது ரெண்டு வருசமா அப்படித்தான் இருக்கு. மெதுவா திறக்கணும்" என்றார் அம்மா. தப்பு கரையான் மேல் இல்லை, என் மேல்தான்.

1998-இல் வீடு வாங்கியபோதே கூட வந்த கெபினட் அது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய சிப்போர்ட் பலகை. தண்ணீர் பட்டால் ரொட்டி போல உப்பும், கரையானுக்கும் ருசி. இத்தனை வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அம்மா தொழிற்சாலையில் வேலை செய்து சேர்த்த சேமநிதிப் பணத்திலிருந்து 16,000 வெள்ளியை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நானும் தம்பியும் பங்கு போடுகிறோம் என்றோம். "என் அடுப்படி, என் காசு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தீபாவளிக்கு 12 வாரம் இருந்தது.

எனக்குக் கடைதான் சரியென்று பட்டது. ஷோரூம், ரசீது, உத்தரவாதம், புகார் சொல்ல ஒரு கவுண்டர். அம்மாவுக்கோ கோயிலில் யாரோ சொன்ன பண்டமாரான் பக்கத்துச் சீனத் தச்சர். "அவரு அங்க இருக்குற பாதி வீட்டுக்குச் செஞ்சிருக்காரு." சரி, இரண்டு பக்கமும் கேட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

கடையின் பெயர் வேண்டாம். நல்ல கடைதான். ஓர் இளம்பெண் கணினியில் அரை மணி நேரத்தில் எங்கள் சமையலறையைக் கட்டிக் காட்டினார். வெள்ளைக் குவாட்ஸ் மேடை, சாம்பல் நிறக் கதவுகள், ஜன்னலோரம் ஒரு பூச்சாடி. எனக்கு வாயெல்லாம் பல். விலை 21,800 வெள்ளி. இன்றைக்கே முன்பணம் கட்டினால் 1,500 கழிவு. அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கேஸ் தோங் எங்கம்மா வைக்கிறது?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, அடுப்புக்குக் கீழே உள்ள கெபினட்டில் வைக்கலாம் என்றார். வைக்கலாம், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோரம் தேங்கும். மூடிய கெபினட்டுக்குள் வைத்தால் அடிப்பக்கத்தில் காற்று போக வழி இருக்கவேண்டும். அதைவிடத் தோங்கைப் பின்கட்டில், காற்றோட்டமான இடத்தில் வைத்துக் குழாய் இழுப்பது மேல். நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளில் இன்னும் தோங்தான். ஆனால் ஷோரூம் அடுக்களை எதிலும் நான் ஒரு தோங்கைப் பார்த்ததில்லை. அரிசி மூட்டை, ஈர மாவு அரைக்கும் கிரைண்டர், பத்துப் பேருக்குப் பொங்கும் அண்டா, இவற்றையும் பார்த்ததில்லை.

பகுதி பகுதியாக வாங்கிச் சேர்க்கும் ஐக்கியா முறையையும் பார்த்தோம். அங்கே எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கதவுக்கும் கீலுக்கும் இழுப்பறைக்கும் விலை தனித்தனியாக எழுதியிருப்பது. யாரிடம் வாங்கினாலும் அங்கே ஒரு நடை போய் இழுப்பறையை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தால், மற்றவர் சொல்லும் விலை நியாயமா என்று ஓரளவு புரியும். ஆனால் அந்தப் பெட்டிகளுக்கு உயரம் ஒன்றுதான். கால், பெட்டி, மேடை எல்லாம் சேர்ந்து சுமார் 91 சென்டிமீட்டர், நம் கணக்கில் 36 அங்குலம். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். மாதிரி மேடை முன் நின்று தோசை திருப்புவதுபோல் கையை வைத்துப் பார்த்தார். தோள் மேலே ஏறியது. ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் தச்சர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பழைய மோட்டார் சைக்கிள், காதில் பென்சில். கணினியெல்லாம் கிடையாது. ஒரே சுவரை மூன்று இடத்தில் அளந்தார். மேலே 10 அடி 1 அங்குலம், கீழே 9 அடி 11 அங்குலம். தாமான் வீட்டுச் சுவர் எதுவும் நேராக இருக்காது என்று சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஆன்ட்டி, பெர்டிரி சினி" என்றார். அம்மா அவர் காட்டிய இடத்தில் போய் நின்றார். முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலு அங்குலம் கீழே சுவரில் ஒரு கோடு போட்டார். 32 அங்குலம். அந்தக் கோட்டோடு அம்மாவின் முடிவு முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை.

ஏனென்றால் அவருடைய விலைப்பட்டியல் ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கம். மேல் கெபினட், கீழ் கெபினட், மேடை, 14,500 வெள்ளி, தீர்ந்தது கதை. கடைக்காரர் கொடுத்தது ஆறு பக்கம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஆறு பக்கத்திலும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கெபினட்டை அடிக்கணக்கில் விற்கிறார்கள். எங்களுடையது எல் வடிவச் சமையலறை, ஒரு சுவர் 10 அடி, இன்னொன்று 7 அடி. கடையில் 17 அடி போட்டிருந்தார்கள். தச்சர் 15 அடிதான் போட்டார். கெபினட்டின் ஆழம் 2 அடி என்பதால் மூலை இரண்டு சுவருக்கும் பொது. அதை இரண்டு முறை எண்ணினால் 2 அடி கூடும். கடையின் விலை அடிக்கு 420 வெள்ளி, ஆக மூலைக்கு மட்டும் 840 கூடுதல். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். மூலையில் வேலை அதிகம், தொழிலில் பலர் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஆனால் கேட்டேன், உடனே 400 குறைத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால்?

காலை நிகழ்ச்சியில் இதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினேன். அழைப்புகள் பத்து மணி வரைக்கும் ஓயவில்லை. சிரம்பானிலிருந்து ஓர் அக்கா. முகநூல் விளம்பரம் பார்த்து, 12,000 வெள்ளி வேலைக்கு 9,600 முன்கூட்டியே கொடுத்துவிட்டார். வந்து பழைய கெபினட்டை உடைத்து எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. கையில் இருப்பது ஒரு கைப்பேசி எண்ணும், யாருடையதோ தனிநபர் வங்கிக் கணக்கும். "கடையில வாங்கியிருக்கணும் தம்பி" என்று அவர் அழுத குரல் அடங்குவதற்குள் ஈப்போவிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். அவர் கடையில்தான் வாங்கினார். முன்பணம் கட்டிய மூன்றாம் மாதம் கடைக்கதவில் பூட்டு.

ஆக, கடையா தச்சரா என்பதைவிட, பணம் யார் கையில் எப்போது போகிறது என்பதுதான் என் கவலையாகிவிட்டது. நம் நாட்டில் பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கு ஒரு நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரை கோரலாம், 3 ஆண்டுக்குள் மனுப்போட வேண்டும், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்கவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் எதிராளி யார், முகவரி எது என்று நாம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். கைப்பேசி எண்ணுக்கு யார் நோட்டீஸ் அனுப்ப முடியும்? சிரம்பான் அக்காவிடம் அதற்கு மேல் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

பண்டமாரானுக்கு நேரில் போனேன். பட்டறை இருந்தது, வாசலில் பெயர்ப்பலகையில் நிறுவனப் பதிவு எண் இருந்தது, உள்ளே இரண்டு வீட்டுக்கான பெட்டிகள் பாதியில் நின்றன. அங்கிளிடம் ஒரு தாளை நீட்டினேன். எந்தப் பலகை, எந்தக் கல், எந்தக் கீல், எத்தனை இழுப்பறை, தொட்டிக்கும் அடுப்புக்கும் கல் வெட்டும் கூலி யார் தலையில், பழைய குப்பையை அகற்றுவது யார், எந்தத் தேதிக்குள். பணம் நான்கு தவணை: தொடக்கத்தில் 4,350, பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும் 5,800, மேடைக் கல் பதித்ததும் 2,900, எல்லாம் முடிந்து குறையெல்லாம் சரிசெய்த பிறகு 1,450. நாற்பது வருடத் தொழிலில் யாரும் தன்னிடம் இப்படிக் கேட்டதில்லை என்றார். கொஞ்சம் முகம் சுண்டியதும் உண்மை. ஆனாலும் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

கரையானுக்கு மருந்தடிக்காமல் புதுக் கெபினட் வைப்பது அதற்கு விருந்து வைப்பது போல. முதலில் அதற்கு 1,200 வெள்ளி போனது. கீழ்ப்பகுதி முழுக்க அலுமினியம். அம்மாவுக்கு அது ஆபீஸ் மாதிரி இருந்தது, ஆனால் தண்ணீரும் கரையானும் அண்டாது என்றதும் ஒப்புக்கொண்டார். மேல்பகுதி பிளைவுட். மேடைக்கு என் வெள்ளைக் குவாட்ஸ் போய்க் கறுப்புக் கிரானைட் வந்தது. குவாட்ஸில் பிசின் கலந்திருப்பதால் சூடான குக்கரை இறக்கி நேராக வைக்கக்கூடாது. வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். புகையை வெளியே தள்ளும் குழாய்க்கும் மின் இணைப்புக்கும் 600. மொத்தம் 16,300. மேலே போன 300-ஐ மட்டும் கொடுக்க அம்மா என்னை அனுமதித்தார்.

நாலு வாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட வேலை ஏழு வாரம் இழுத்தது. கல் வரவில்லை, உதவியாளுக்குக் காய்ச்சல், பிறகு ஏதோ ஒரு திருமணம். அம்மா பின்கட்டில் ஒற்றை அடுப்பில் சமைத்தார். மழை வந்தால் குடை. நான் தினமும் அங்கிளை அழைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். கடையிலேயே வாங்கியிருக்கலாம் என்று ஓர் இரவு தம்பியிடம் புலம்பவும் செய்தேன். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கல் வந்து இறங்கியது. அன்றிரவே தொட்டிக்கு அடியில் நீர் ஒழுகியது. அழைத்த இருபதாவது நிமிடம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அரைக்கால் சட்டையோடு வந்து, படுத்து, முறுக்கிவிட்டுப் போனார்.

முறுக்கு சுட்ட நாளில் அம்மாவின் தோள் உயரவில்லை. அதை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

தீபாவளியன்று அங்கிள் ஆரஞ்சுப் பழத்தோடு விருந்துக்கு வந்தார். மேல் கெபினட்டில் ஒரு கதவு மட்டும் மெதுவாக மூடாமல் டொப்பென்று அடிக்கிறது. அம்மா அதைத் திறந்து, மூடி, அவர் முகத்தைப் பார்த்தார். "மிங்கு டெப்பான், ஆன்ட்டி" என்றார், வாயில் முறுக்கோடு. அடுத்த வாரமாம். இதை எழுதும்போது நாலு வாரம் ஆகிறது. 1,450 வெள்ளி இன்னும் அம்மாவின் சீனி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.