ருஷ்ய மொழித் தேர்ச்சியும் பல்கலைக்கழகத்தின் கடமையும்

பிறமொழியொன்றிற் தொழில் நடத்துமளவுக்குத் தேர்ச்சி பெறுதல் பல்கலைக்கழக வகுப்பறையில் இயலாதென்றும், அம்மொழி வழங்கும் நாட்டில் வாழ்ந்தே அதனைப் பெறவேண்டுமென்றும் கூறுவோர் பலர். தம் கூற்றுக்கு அவர்கள் மூதூரிலேயே சான்று காட்டலாம். 1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிற் சிறைபிடிக்கப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்து சிங்களம் கற்றார். 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கை பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஆயின், பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசத்தை எந்தப் பல்கலைக்கழகமும் பாடவிதானமாகக் கொள்ள இயலாது. நெடுங்காலத்திற் தானாக நிகழ்வதைக் குறுகிய காலத்தில் முறைப்படி நிகழ்விப்பதற்கே பல்கலைக்கழகம் உளது.

மாஸ்கோவில் 1960 இல் நிறுவப்பட்டு, அடுத்த ஆண்டில் பத்ரீஸ் லுமும்பாவின் பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் இதனைச் செய்து காட்டியது. ருஷ்ய எழுத்தே அறியாது வந்த ஆசிய, ஆபிரிக்க மாணவர் முதலில் ஆயத்த பீடத்தில் ஓராண்டு மொழி பயின்றனர். பின்னர் மருத்துவத்தையும் பொறியியலையும் அம்மொழியிலேயே கற்றனர். இது மாஸ்கோவின் சூழலால் மட்டும் விளைந்ததெனின், அதே நகரத்து வகுப்பறையில் தமிழ் பயின்ற அலெக்சாந்தர் துபியான்ஸ்கியை எவ்வாறு விளக்குவது? அவரைச் சுற்றித் தமிழ்நாடு இருக்கவில்லை. ஆயினும், மாஸ்கோ அரச பல்கலைக்கழகத்திற் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த அவர், பண்டைத் தமிழ்ப் பாடல்களை ஆராய்ந்து நூல் எழுதுமளவுக்கு உயர்ந்தார்.

எனவே குறை வகுப்பறையில் இல்லை. வகுப்பறைக்கு ஒதுக்கப்படும் காலத்திலேயே உளது. ஆங்கிலம் பேசும் ஒருவர் ருஷ்யத்தில் தொழில்முறைத் தேர்ச்சி பெற ஏறத்தாழ 1100 வகுப்பு மணித்தியாலங்கள் வேண்டுமென அமெரிக்க வெளிநாட்டுச் சேவை நிறுவகம் தன் அனுபவத்தால் மதிப்பிட்டுள்ளது. வாரத்துக்கு நான்கு மணித்தியாலம், ஆண்டுக்கு முப்பது வாரம் என்ற கணக்கில் மூன்றாண்டு கற்கும் மாணவன் பெறுவன 360 மணித்தியாலங்களே. மூன்றிலொரு பங்கு வழியில் அவனை நிறுத்திவிட்டு, ஊர் போய்ச் சேரவில்லையென அவனையே பழித்தல் நேர்மையாகாது.

இரண்டாவது தடை ஆங்கிலம். ருஷ்ய மொழியை ஆங்கில வழியாகவே கற்கவேண்டுமென்பது ஆராயாது ஏற்கப்பட்ட வழக்கமாகும். மூதூரிற் தமிழ்மொழி மூலம் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவனுக்கு இது வீண் சுமை. 'அவன் மாணவன்' என்னும் தமிழ்த் தொடரில் வினை இல்லை. 'ஓன் ஸ்துத்யெந்த்' என்னும் ருஷ்யத் தொடரிலும் இல்லை. 'எனக்குக் குளிர்கிறது' என்பதை ருஷ்யரும் நான்காம் வேற்றுமை கொண்டே கூறுவர். 'என்னிடம் புத்தகம் உண்டு' என்னும் அமைப்பும் அவர்களுக்கு உரியதே. எட்டு வேற்றுமை கற்றவனை ருஷ்யத்தின் ஆறு வேற்றுமைகள் அச்சுறுத்தா. 'வாசித்தான்', 'வாசித்துவிட்டான்' என்பவற்றின் வேறுபாட்டை உணர்ந்தவன், ருஷ்ய வினைகளின் இருவகை நிலையை அறிதற்கு வாயிலைக் கண்டவனாவான். சொற்களின் பால்வேறுபாடும், இடம்மாறும் அழுத்தமும், போக்குவரவு குறிக்கும் வினைகளும் அவனுக்கும் கடினமே. எளியவற்றைத் தாய்மொழி வழியே விரைந்து கடந்து, இக்கடினமானவற்றிற்கு நேரத்தைச் செலவிடுதலே அறிவுடைமை.

ஆங்கிலத்தின் தயவில் நிற்பதன் விளைவைத் தமிழிலக்கிய உலகம் அறியும். கோர்க்கியின் 'தாய்' நாவல் தொ. மு. சி. ரகுநாதனின் கையால் ஆங்கில வழியே தமிழுக்கு வந்தது. பூ. சோமசுந்தரம் போன்று ருஷ்ய மூலத்தை நேரே அணுகியோர் சிலரே. ரகுநாதனின் உழைப்பு போற்றற்குரியது. ஆனால் அவரது தலைமுறைக்கு அமைந்த வழியே எக்காலத்துக்கும் போதுமெனல் சோம்பலாகும்.

ருஷ்யம் கற்றவருக்கு இந்நாட்டில் என்ன வேலை என வினவுவோரும் உளர். 2023 இல் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகளுள் இந்தியருக்கு அடுத்த நிலையில் நின்றோர் ருஷ்யரே. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் மூதூருக்கு எதிர்க்கரையிலேயே உள்ளன. நோயுற்ற பயணியின் கூற்றை வைத்தியருக்கும், நீதிமன்றில் நிற்பவனின் கூற்றை நீதிபதிக்கும் பிழையின்றி உரைப்பதற்கு வணக்கமும் விலையும் சொல்லத் தெரிந்தாற் போதாது. அரைகுறை மொழிபெயர்ப்பு அவ்விடங்களில் உயிருக்கும் உரிமைக்கும் தீங்காக முடியும்.

களனிப் பல்கலைக்கழகத்தில் ருஷ்யம் பயிற்றப்படுகிறது. ஆகவே இந்நாட்டுக்கு இது புதிய துறையன்று. அவ்வாய்ப்பு கிழக்கின் தமிழ் பேசும் மாணவருக்கும் அவர்தம் மொழியிலேயே கிட்டவேண்டும். அதற்குத் தமிழில் எழுதப்பட்ட ருஷ்ய இலக்கணமும் அகராதியும் முதலில் வேண்டும். முதலாண்டு முழுவதும் நாள்தோறும் மொழிவகுப்பு நிகழவேண்டும். இறுதிப் பரீட்சை இலக்கண வினாக்களோடு நில்லாது, முன்பின் காணாத ஆவணத்தை மொழிபெயர்க்கவும் உரையாடலை உடனுக்குடன் பெயர்த்துரைக்கவும் மாணவனைப் பணிக்கவேண்டும். இவற்றை ஏற்கவியலாத பல்கலைக்கழகம், தான் வழங்குவது அறிமுகச் சான்றிதழே எனச் சொல்லிவிடட்டும். பட்டத்தை நம்பி மூன்றாண்டைக் கொடுக்கும் மாணவனுக்கு அந்த உண்மையேனும் முதல்நாளிலேயே தெரிந்திருத்தல் வேண்டும்.