ஒலிபெருக்கியைக் குற்றம் சொல்லாதீர்கள்

2025 நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். டித்வா புயல் இலங்கையை நெருங்கிக் கொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை, மாத்தளையில் உறவினர் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கண்டிக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். மழை என்றால் அப்படியொரு மழை. காரின் வானொலியில் அறிவிப்பாளர் மூடப்பட்ட வீதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் கொண்டிருந்தார். நான் போகவேண்டிய திசையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது ஒலிபெருக்கியில் பழைய கரகரப்பு எழுந்தது. "வெள்ளம் காரணமாக" என்பது கேட்டது. "மூடப்பட்டுள்ளது" என்பதும் கேட்டது. நடுவே இருந்த வீதியின் பெயர் மட்டும் கேட்கவில்லை.

தெருவோரத் தேநீர்க் கடையொன்றில் வண்டியை நிறுத்தி விசாரித்தேன். "ஐயா, முன்னால தண்ணி நிக்குது, திரும்பிப் போங்க" என்றார் கடைக்காரர். அறிவிப்பாளர் சொன்ன வீதி நான் போய்க்கொண்டிருந்த அதே வீதிதான். செய்தியில் ஒரு பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதைப் பத்திரிகை அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்து கற்றவன் நான். அன்று அதை மழையில் நனைந்துகொண்டு மறுபடியும் கற்றேன்.

அந்தக் கரகரப்பு திடீரென வந்ததன்று. மாதக்கணக்காக இருந்தது. முன்பொருமுறை ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, வண்டியின் கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், "ஸ்பீக்கர் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று தீர்ப்பளித்தார்கள். முன்பக்கத்து இரண்டையும் மாற்றினேன். பணம் போனது. சத்தம் போகவில்லை. முன்னர் மந்தமாகக் கேட்ட இரைச்சல் புதிய ஒலிபெருக்கியில் துலக்கமாகக் கேட்டது, அவ்வளவுதான். பிறகு அலுத்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் கண்டிக்க விரும்புவது அந்தக் கடையை மட்டுமல்ல, என்னுடைய அலட்சியத்தையும்தான்.

காரில் பாட்டுக் கேட்பது ஓர் ஆடம்பரம், அதில் கொஞ்சம் இரைச்சல் இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நவம்பர் 28 ஆம் திகதி கரையேறிய அந்தப் புயலும் அதைத் தொடர்ந்த வெள்ளமும் மண்சரிவும் இந்நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. மின்சாரம் நின்றது. பல இடங்களில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. அத்தகைய வேளையில் தானாக இயங்கக்கூடிய செய்திச் சாதனம் ஒரு சாதாரண வீட்டில் எது? வாசலில் நிற்கும் காரின் வானொலி. அதற்கு வேண்டியதெல்லாம் வண்டியின் பற்றரி மட்டுமே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேறவேண்டும். எந்தப் பிரதேசச் செயலகப் பிரிவுக்கு எந்த நிறம் என்பது தெளிவாகக் காதில் விழவேண்டும். மலையகத்தில் வாழும் நமக்கு இது பொழுதுபோக்கு விவகாரமன்று.

புயலுக்குப் பின் வீதிகள் ஓரளவு சீரானதும், கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகன மின்வேலை செய்யும் ஓர் இளைஞரிடம் காரைக் கொண்டுபோனேன். "தம்பி, ஸ்பீக்கர் புதுசுதான், ஆனாலும் இரைச்சல்" என்றேன். அவர் சிரித்தார். "சேர், ஸ்பீக்கர விடுங்க. சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குது, அதச் சொல்லுங்க" என்றார். ஒரு நல்ல நிருபர் கேட்கவேண்டிய கேள்வி அது. ஒலிபெருக்கி தனக்கு வந்ததைச் சொல்லும் வாய் மட்டுமே. பொய் வேறெங்கோ கலந்திருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்க அவர் கையாண்ட முறை மிக எளியது. வாசகர்கள் தாங்களே செய்து பார்க்கக்கூடியது என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு வானொலியை மட்டும் இயக்கவேண்டும். இரைச்சல் மறைந்துவிட்டால் குற்றவாளி எஞ்சினைச் சார்ந்தது. எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் என்றால் பற்றரிக்கு மின்னூட்டும் ஒல்டனேட்டரின் வழியாக வருகிறது. 'டிக் டிக்' என்று வேகத்தோடு கூடிக் குறையும் சத்தம் என்றால் ஸ்பார்க் பிளக்கின் பொறி. இரண்டுக்கும் பெரும்பாலும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. வானொலியின் எர்த் வயர் வாகனத்தின் உலோக உடலில் சரியாகப் பற்றியிருக்காது. துருவின் மீதோ வண்ணப்பூச்சின் மீதோ முடுக்கிய திருகாணி மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. இன்னொரு காரணம், ஒலியைக் கொண்டுசெல்லும் வயரும் பற்றரியிலிருந்து வரும் தடித்த வயரும் ஒரே கட்டாகச் சேர்ந்து ஓடுவது. அவற்றை விலக்கிப் போடவேண்டும். நின்ற வண்டியில் நல்ல பற்றரி 12.6 வோல்ட் அளவும், எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்டவேண்டும். அதில் பெரிய வேறுபாடு இருந்தால் ஒல்டனேட்டரையே பார்க்கவேண்டும்.

இரண்டாவதாக, வானொலியை நிறுத்திவிட்டு யூ.எஸ்.பி. மூலமோ புளூடூத் மூலமோ ஒரு பாட்டைப் போடவேண்டும். அது சுத்தமாகக் கேட்டால் ஒலிபெருக்கியும் அதன் வயர்களும் நிரபராதிகள். குறை அன்டெனாவுக்கும் வானொலிக்கும் இடையில் இருக்கிறது. இங்கே இன்னொரு சோதனையும் உண்டு. கைத்தொலைபேசி சார்ஜர், முன்கண்ணாடியில் பொருத்திய கமெரா, மலிவான எல்.ஈ.டி. விளக்கு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். இவற்றுள் உள்ள மின்சுற்று வானொலி அலையோடு போட்டியிடக்கூடியது. பண்பலைச் சத்தம் கெடுவதற்கு இன்று இவையும் ஒரு முக்கிய காரணம்.

மூன்றாவதாக, ஒலியை இடம், வலம், முன், பின் என்று நகர்த்திப் பார்க்கவேண்டும். ஒரே மூலையில் மட்டும் கரகரத்தால் அந்தப் பக்கத்து வயரையும் ஒலிபெருக்கியையும் சந்தேகிக்கலாம். இடது வலது ஒலிபெருக்கிகளை இடம் மாற்றிப் பாருங்கள். சத்தம் ஒலிபெருக்கியோடு கூடவே போனால் அதுதான் பழுது. பழைய மூலையிலேயே தங்கினால் வயர்தான் பழுது. கதவு திறந்து மூடும் இடத்தில் ரப்பர் உறைக்குள் ஓடும் வயர் பல ஆண்டுகள் மடிந்து மடிந்து உள்ளே அறுந்து போவது மிகச் சாதாரணம். பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது மட்டும் படபடப்பது அதற்கு அடையாளம். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது மட்டும் சரசரத்தால் அது குமிழினுள் படிந்த தூசு.

என்னுடைய காரில் எஞ்சின் நின்றபோதும் இரைச்சல் வந்தது. நான்கு மூலைகளிலும் வந்தது. யூ.எஸ்.பி. பாட்டில் வரவில்லை. ஆக, அன்டெனாப் பாதை. டாஷ்போர்டைக் கழற்றியதும் அந்த இளைஞர் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியை வெளியே இழுத்தார். "இது ஜப்பான் வண்டி, சேர். எக்ஸ்பாண்டர் போட்டிருக்கு" என்றார்.

இந்தப் பெட்டியின் கதையை ஜப்பானிய வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. நம் நாட்டில் பண்பலை 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. ஜப்பானில் அது 76 முதல் 90 வரை. 90 முதல் 108 வரையான பகுதியை அங்கே தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் பிடித்திருந்தன. 2011, 2012 ஆம் ஆண்டுகளில் பழைய முறைத் தொலைக்காட்சி நிறுத்தப்பட்ட பின்னர், 2014 முதல் வானொலிக்கு 95 வரை இடம் கிடைத்தது. ஆகவே ஜப்பானியச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய கார் ஒன்று இங்கே வந்தால் அதன் வானொலிக்கு நம் நிலையங்களுள் பெரும்பாலானவை எட்டாது. அதற்காகத்தான் அன்டெனாவுக்கும் வானொலிக்கும் நடுவே இந்த எக்ஸ்பாண்டரைச் செருகுகிறார்கள். அது வரும் அலையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்து அனுப்பும். 20 கழிக்கும் பெட்டியானால் 98 இல் ஒலிபரப்பாகும் நிலையம் 78 இல் கேட்கும்.

கணக்கு எளிதாகத் தோன்றும். ஆனால் 92 இல் உள்ள நிலையம் 72 ஆகிவிடும். அது அந்த வானொலியில் இல்லவே இல்லை. நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதும் உண்டு. மலிவான பெட்டி தானே ஓர் இரைச்சலை உண்டாக்கும், வரும் அலையையும் பலவீனப்படுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்டெனா வயரில் புதிதாக இரண்டு இணைப்புகளும் ஓர் எர்த் வயரும் சேர்கின்றன. என் காரில் அந்த எர்த் வயர் வண்ணம் பூசிய ஒரு திருகாணியில் வெறுமனே சுற்றப்பட்டிருந்தது. அன்டெனாச் செருகியோ கண்டியின் ஈரத்தில் பச்சை பிடித்துத் தளர்ந்திருந்தது. சாண்ட் பேப்பரால் தேய்த்து, ஈயம் வைத்து, திருகாணியை வெற்று உலோகத்தில் முடுக்கினார். அரை மணி நேர வேலை. அவர் கேட்ட கூலி, நான் ஒலிபெருக்கிக்குக் கொடுத்த பணத்தில் மிகச் சிறு பங்கு.

ஆனால் எல்லா இரைச்சலும் வண்டிக்குள்ளே பிறப்பதன்று என்பதையும் சொல்லவேண்டும். கண்டி மலைகளால் சூழப்பட்ட கிண்ணம். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. ஹந்தானை உச்சியில் நிற்கும் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நன்றாகக் கேட்கும் நிலையம், ஒரு வளைவில் திரும்பியதும் சீறத் தொடங்கும். கடுகண்ணாவை ஏற்றத்திலும், மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளிலும் இது அனைவருக்கும் அனுபவம். நேராக வரும் அலையும் மலையில் பட்டுத் திரும்பும் அலையும் மோதுவதே காரணம். வண்டி சில அடிகள் நகர்ந்தால் தெளிவாகும், மறுபடி சில அடிகளில் கெடும். இதற்கு மருந்து திருத்துமிடத்தில் இல்லை. பல நிலையங்கள் பிரதேசத்துக்குப் பிரதேசம் வெவ்வேறு அலைவரிசையில் ஒலிபரப்பாகின்றன. கண்டிக்குரிய எண்ணையும் கொழும்புக்குரிய எண்ணையும் முன்கூட்டியே பதிந்து வைத்துக் கொள்ளுங்கள். வளைவில் ஒரு கையால் குமிழைத் திருகிக் கொண்டிருப்பது இரைச்சலைவிட ஆபத்தானது.

உண்மையிலேயே ஒலிபெருக்கி பழுதாவதும் உண்டு. கதவுக்குள் இறங்கும் மழைநீர் அதன் காகிதக் கூம்பை ஊறவைக்கும். விளிம்பிலுள்ள பஞ்சு வளையம் காலப்போக்கில் உதிரும். விரல்களால் கூம்பைச் சமமாக, மெல்ல அழுத்தும்போது உள்ளே உராயும் சத்தம் கேட்டால் அதன் சுருள் கெட்டுவிட்டது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் அது விசாரணையின் கடைசித் தீர்ப்பாக இருக்கவேண்டும், முதல் வாக்கியமாக அன்று. நீங்களே வயரில் கைவைப்பதானால் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். மஞ்சள் உறையிட்ட வயர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்குரியவை, அவற்றைத் தொடாதீர்கள்.

அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் 1933 இல் பண்பலைக்குக் காப்புரிமை பெற்றார். மின்னலும் மின்பொறியும் வானொலியில் எழுப்பும் கரகரப்பை ஒழிப்பதே அவருடைய நோக்கம். கொழும்பிலிருந்து மத்திய அலையில் வந்த குரலை இடிமுழக்கத்தோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு, பண்பலையின் தெளிவு ஓர் அதிசயமாகவே இருந்தது. அப்படிப் போராடிப் பெற்ற தெளிவை வண்ணம் பூசிய ஒரு திருகாணியில் இழந்துவிடுகிறோம் என்பதுதான் வேதனை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதல் மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஜப்பானிலிருந்து கார்கள் மீண்டும் வருகின்றன. ஐந்தாண்டு இடைவெளியில் நாம் இழுத்துப் பிடித்து ஓட்டிய பழைய வண்டிகளும் வீதியில் இருக்கின்றன. விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருக்கையின் தோலையும் சக்கரத்தின் பளபளப்பையும் காட்டும்போது, இந்த வானொலி இந்த நாட்டின் நிலையங்களை முழுமையாக எடுக்குமா என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்பாண்டர் பொருத்தியிருந்தால் அது எத்தனை மெகாஹேர்ட்ஸ் கழிப்பது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதிகாரிகளுக்கும் ஒன்று. இறக்குமதி வாகனத்தின் விளக்கையும் பிரேக்கையும் போலவே, அவசர அறிவிப்பைக் கேட்கக்கூடிய வானொலியையும் ஒரு பாதுகாப்புச் சாதனமாகக் கருதவேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பெரிய செலவில்லை. உள்நாட்டு அலைவரிசைக்கு ஏற்ற வானொலி ஒன்றைப் பொருத்தினாலே போதும்.

வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடுத்த பருவமழைக்கு முன்னர் ஒரு நாள், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காரில் உட்கார்ந்து செய்தி கேளுங்கள். ஓர் ஊர்ப் பெயரேனும் விளங்காமல் போனால், கடைக்குப் போவதற்கு முன் மேலே சொன்ன மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள். திருத்துநரிடம் "ஸ்பீக்கரை மாற்றுங்கள்" என்று சொல்லாதீர்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள்.