சி44-க்குள் காணாமல் போகும் நோயாளிகள்

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் ‘மெடிக்கல் கோடிங்’ படித்துவிட்டு வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஏராளம். அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வரும் நோயாளிகளின் பதிவுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போடுவது அவர்கள் வேலை. அந்தக் குறியீடு சரியாக இல்லாவிட்டால் அங்கே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பணம் வராது. இடது கையில் மெர்க்கல் செல் புற்றுநோய் வந்த ஓர் அமெரிக்க முதியவரின் பதிவு அவர்கள் திரைக்கு வந்தால் ‘சி4ஏ.62’ என்று அடிப்பார்கள். சி4ஏ என்றால் மெர்க்கல் செல் புற்றுநோய். 6 என்றால் தோள் உள்ளிட்ட கை. 2 என்றால் இடப்பக்கம். அவர்கள் வேலை செய்யும் ஊரிலேயே ஒரு தமிழருக்கு அதே கையில் அதே நோய் வந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பின்படி அவருக்குக் கிடைக்கும் குறியீடு ‘சி44.6’. மெலனோமா அல்லாத ஏதோ ஒரு தோல் புற்றுநோய், இடம் கை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உலகின் ஒரு மூலையில் இருக்கும் நோயாளியைத் துல்லியமாகக் குறிக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. நம் நோயாளியைக் குறிக்கும் ஏற்பாடுதான் இல்லை. ஆளைக் கொல்லக்கூடிய ஒரு புற்றுநோய்க்கு, அது எத்தனை அரிதானதாக இருந்தாலும், மருத்துவமனைப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் தனிக் குறியீடு வேண்டும் என்பது என் வாதம்.

மெர்க்கல் செல் என்பது தோலில் தொடுவுணர்வோடு தொடர்புடைய ஒரு செல். ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஃப்ரீட்ரிஷ் மெர்க்கல் 1875-இல் அதை விவரித்தார். இன்று அவர் பெயரால் வழங்கும் புற்றுநோயைத் தனி நோயாக முதலில் விவரித்தவர் சிரில் டோக்கர், அது 1972-இல். 2008-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவான் சாங், பேட்ரிக் மூர் குழுவினர் இந்தக் கட்டிகளுக்குள் ஒரு புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 80 சதவீதக் கட்டிகளில் அது இருக்கிறது. கட்டி பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும்: சிவப்பாகவோ ஊதாவாகவோ ஒரு சின்ன வீக்கம், வலி இருக்காது, ஆனால் வேகமாக வளரும். 195 நோயாளிகளை ஆராய்ந்து 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பயாப்ஸி எடுக்கும்போது 56 சதவீதக் கட்டிகளை மருத்துவர்கள் தீங்கற்றவை என்றே நினைத்திருந்தார்கள். நீர்க்கட்டி போன்ற ஏதோ ஒன்று என்பதுதான் அடிக்கடி செய்த யூகம். ஒன்பதாயிரத்துக்கும் அதிகமான அமெரிக்க நோயாளிகளின் தகவலைத் திரட்டிய ஒரு பகுப்பாய்வின்படி, கட்டி தோலோடு நின்றிருக்கும் நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேர்தான் ஐந்தாண்டு கடந்து உயிரோடு இருந்தார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்ட பிறகு கண்டறியப்பட்டவர்களில் 14 சதவீதம் பேர்.

இப்படிப்பட்ட நோய் சி44-இல் யாரோடு சேர்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். அந்தப் பிரிவின் பெரும்பகுதி பேசல் செல், ஸ்குவாமஸ் செல் என்ற இரண்டு வகைப் புற்றுநோய்கள். வெள்ளைத்தோல் மக்கள் வாழும் நாடுகளில் இவை லட்சக்கணக்கில் வருகின்றன. பேசல் செல் புற்றுநோய் வேறு உறுப்புக்குப் பரவுவதே அபூர்வம். வெட்டி எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்துவிடும். எண்ணிக்கை மிக அதிகம், சாவு மிகக் குறைவு என்பதால் பல நாடுகளின் பதிவேடுகள் இந்த இரண்டையும் எண்ணுவதே இல்லை. உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களில் ‘மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் நீங்கலாக’ என்றொரு வரியை அடிக்கடி பார்க்கலாம். நீக்குவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் சி44 என்ற குறியீட்டை மட்டும் வைத்து நீக்கினால், தீங்கு குறைந்தவற்றோடு மெர்க்கல் செல்லும் சேர்ந்து வெளியே போகிறது. நீக்காமல் வைத்துக்கொண்டாலும் பயனில்லை; பேசல் செல் நோயாளிகளின் கூட்டத்தில் அதன் இறப்பு விகிதம் கரைந்துவிடும்.

அமெரிக்காவிலும் இந்த நிலைமைதான் 2009 வரை இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், அப்போது அங்கே புழக்கத்தில் இருந்த ஒன்பதாம் பதிப்பின் அமெரிக்க வடிவத்தில் மெர்க்கல் செல்லுக்கு 209.31 முதல் 209.36 வரை ஆறு குறியீடுகள் சேர்க்கப்பட்டன. 2015 அக்டோபரில் பத்தாம் பதிப்புக்கு மாறியபோது அதுவே சி4ஏ ஆனது. ஆனாலும் அந்த நாட்டில் இறப்புச் சான்றிதழ்களைக் குறியிடுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் மூலப் பட்டியலையே பயன்படுத்துகிறார்கள். அதில் சி4ஏ கிடையாது. அதாவது, மருத்துவமனையில் உயிரோடு இருக்கும்வரை சி4ஏ ஆக இருந்த ஒருவர், இறந்த மறுநாள் சி44 ஆகிவிடுகிறார். இந்த நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதை இறப்புக் குறியீட்டைக் கொண்டு நேரடியாகச் சொல்ல அந்த நாட்டாலும் முடியாது. பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் துல்லியம் இருக்கிறது, இறந்தவரை எண்ண வேண்டிய இடத்தில் இல்லை. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். புற்றுநோய்ப் பதிவேடுகள் ஐ.சி.டி.-ஓ என்ற வேறொரு பட்டியலைப் பயன்படுத்துகின்றன. அதில் உடலின் இடத்துக்கு ஒரு குறியீடு, நுண்ணோக்கியில் தெரியும் செல்லின் வகைக்கு இன்னொரு குறியீடு. மெர்க்கல் செல்லுக்கு 8247/3 என்று பல காலமாகவே தனி எண் உண்டு. பிறகு மருத்துவமனைக் குறியீட்டில் எதற்கு இன்னொன்று? பதிவேட்டின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2000-க்கும் 2013-க்கும் இடையில் அமெரிக்காவில் இந்த நோயின் எண்ணிக்கை 95 சதவீதம் உயர்ந்தது, அதே காலத்தில் மெலனோமா 57 சதவீதம்தான் உயர்ந்தது என்று கண்டுபிடித்ததே அந்தப் பதிவேட்டு எண்ணை வைத்துத்தான். ஆனால் பதிவேடு பார்ப்பது பெரும்பாலும் நோய் கண்டறியப்பட்ட கட்டத்தை. அதன்பின் அந்த நோயாளி எத்தனை முறை சேர்க்கப்பட்டார், என்ன மருந்து பெற்றார், எவ்வளவு செலவானது, நோய் திரும்பியதா என்பதெல்லாம் மருத்துவமனைப் பதிவிலும் காப்பீட்டுப் பதிவிலும்தான் கிடக்கின்றன. அங்கே குறியீடு பொதுவாக இருந்தால், பதிவேட்டையும் இந்தப் பதிவுகளையும் ஆள்வாரியாக இணைத்தால் ஒழிய எதுவும் தெரியவராது. அப்படி இணைக்கும் வசதி நம் நாட்டில் எத்தனை மாநிலங்களில் இருக்கிறது?

மருந்து விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பரவிய மெர்க்கல் செல் புற்றுநோய்க்கென்று முதன்முதலில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற மருந்து அவெலுமாப், 2017 மார்ச்சில். ஒப்புதலுக்கு ஆதாரமாக இருந்த ஆய்வில் 88 நோயாளிகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிகிச்சை பெற்ற இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அரிய நோயில் இரண்டு குழு அமைக்குமளவுக்கு ஆள் சேர்ப்பது அவ்வளவு கடினம். மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. அது நல்ல விளைவா என்று தெரிய, பழைய கீமோதெரபி பெற்றவர்கள் எப்படி இருந்தார்கள் என்ற தகவல் வேண்டும். அந்தத் தகவல் ஆய்வுக்கு வெளியே, சாதாரண மருத்துவமனைகளின் பதிவுகளில் இருந்துதான் வர முடியும். அரிய நோய்களுக்குப் பதிவேடும் மருத்துவமனைக் குறியீடும் ஆய்வின் மறுபாதி வேலையைச் செய்கின்றன. இந்தியாவில் இந்த வகை இம்யூனோதெரபி மருந்துகளுக்கு அரசுக் காப்பீடு பணம் கொடுப்பதா என்ற கேள்வி எழும்போது, எத்தனை பேருக்கு என்று அதிகாரி கேட்பார். சி44 அதற்குப் பதில் சொல்லாது.

அடுத்த மறுப்பில் எனக்கே பாதி உடன்பாடு உண்டு. குறியீடுகள் பெருகினால் பிழைகளும் பெருகும் என்பது அது. அமெரிக்கப் பட்டியலில் சுமார் 70,000 குறியீடுகள். வாத்து மோதிக் காயம்பட்டால் அதற்குக்கூட ஒன்று இருக்கிறது. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில், நூற்றுக்கணக்கான டிஸ்சார்ஜ் தாள்களுக்கு இரண்டே பேர் குறியீடு போடும் இடத்தில், இப்படி ஒரு பட்டியலைத் திணித்தால் அவர்கள் பொதுக் குறியீட்டையே போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எல்லா அரிய தோல் கட்டிக்கும் தனி எண் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிகிச்சை வேறாக இருக்க வேண்டும், நோயின் போக்கு வேறாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தனி எண் கொடுங்கள். வியர்வைச் சுரப்பியிலும் மயிர்க்காலிலும் தோன்றும் பலவகை அபூர்வக் கட்டிகளை ஒரே எண்ணில் அடக்கினாலும் பெரிய நட்டமில்லை. மெர்க்கல் செல் இந்தச் சோதனையில் ஐயமின்றித் தேறும். ஐ.சி.டி.யின் பதினோராம் பதிப்பைத் தயாரித்தவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்திருக்கிறார்கள்: தோலின் சுரப்பி, மயிர்க்கால் சார்ந்த புற்றுநோய்களுக்கு 2சி33 என்று ஒரே பிரிவு, மெர்க்கல் செல் அடங்கும் நியூரோஎண்டோகிரைன் வகைக்கு 2சி34. இந்தப் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியிலிருந்து உலக சுகாதார நிறுவன அளவில் நடைமுறையில் இருக்கிறது.

எண் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. இந்த நோயை உறுதிசெய்வது பேத்தாலஜி அறிக்கை. சிறிய, உருண்ட, நீலமாய்ச் சாயமேறும் செல்கள், சிகே20 சோதனையில் செல்லின் கருவை ஒட்டிப் புள்ளி போலத் தெரியும் சாயம், டிடிஎஃப்-1 இல்லாமை. இந்தக் கடைசி அடையாளம்தான் நுரையீரலில் இருந்து வந்து தோலில் தங்கிய சிறுசெல் புற்றுநோயிலிருந்து இதைப் பிரிக்க உதவுகிறது. சாயச் சோதனைகள் முடிய நாளாகும். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘முன்கைக் கட்டி அகற்றப்பட்டது, பயாப்ஸி முடிவு வர வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். குறியீடு போடுபவரின் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டுமே. பின்னால் வரும் அறிக்கை கோப்பில் சேரும். குறியீட்டைத் திருத்த யாருக்கும் நேரமோ உத்தரவோ இருக்காது. பதினோராம் பதிப்பை வாங்கிவைத்தும் இந்த வரிசை மாறாவிட்டால் 2சி34 என்ற எண்ணை யாரும் தொடப்போவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு வறுமையைப் பற்றியது. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தார். முக்கால்வாசிச் சாவுக்குக் காரணமே தெரியாத நாட்டில், நம் மக்களிடம் வெகு அபூர்வமான ஒரு தோல் கட்டிக்கு எண் தேடுவது ஆடம்பரம்தானே? அபூர்வம் என்பதை நானும் ஏற்கிறேன். அது பெரும்பாலும் வெயில் பட்டுத் தேய்ந்த வெள்ளைத்தோலில் வரும் நோய். ஆனால் உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது, அத்தகைய அறுவைகள் தமிழ்நாட்டில் நிறைய நடக்கின்றன. மேலும், பொதுக் குறியீட்டின் தீங்கு மெர்க்கல் செல்லோடு நிற்கவில்லை. நம்மைப் போன்ற கருந்தோல் மக்களுக்கு வரும் மெலனோமாவில் கணிசமான பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றுகிறது. வெயிலுக்கும் அதற்கும் அதிகத் தொடர்பில்லை. ஆனால் பத்தாம் பதிப்பில் உள்ளங்கால் மெலனோமாவுக்குக் கிடைப்பது சி43.7; இடுப்பிலிருந்து பாதம் வரை எங்கே வந்தாலும் அதே எண்தான். வெள்ளைக்காரரின் தொடையில் வெயிலால் வந்ததும் நம் விவசாயியின் குதிகாலில் ஆறாத புண் போல வளர்ந்ததும் ஒரே கணக்கு. நம் நோய் எது என்பதையே இந்தப் பட்டியல் நமக்குச் சொல்ல மறுக்கிறது. பதினோராம் பதிப்பில் அதற்கும் தனி எண் இருக்கிறது.

இந்தக் குறையைச் சரிசெய்யப் பெரும் பணம் தேவையில்லை. மருத்துவமனை மென்பொருளில் புற்றுநோய் என்று சந்தேகிக்கப்படும் எந்தப் பதிவையும் தற்காலிகக் குறியீட்டோடு திறந்தே வைத்து, பேத்தாலஜி அறிக்கை வந்தபிறகே இறுதிக் குறியீட்டை ஏற்கச் செய்யலாம். பதிவேட்டுக்குப் போகும் செல் வகை எண்ணைப் பேத்தாலஜிஸ்ட்டே அறிக்கையின் அடியில் எழுதிவிட்டால், குறியீடு போடுபவர் யூகிக்க வேண்டியதில்லை. சென்னையில் 1982 முதல் அடையாறு புற்றுநோய் நிலையம் பதிவேடு நடத்திவருகிறது; அந்த எண்ணைக் கையாளத் தெரிந்தவர்களைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இத்தனை அரிதான நோயில், ஊர்ப் பெயரும் வயதும் குறியீடும் சேர்ந்தால் ஆளையே அடையாளம் காட்டிவிடும். அதனால் எண்ணிக்கையை மாநில அளவில், சில ஆண்டுகளைச் சேர்த்து மட்டுமே வெளியிட வேண்டும். மாவட்டவாரி அட்டவணை ஆய்வாளர்களுக்குள் இருந்தால் போதும்.