அழித்தது நான்தான்

"பாட்டுதானேடா, திரும்ப டவுன்லோடு பண்ணிக்கோ!"

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் சொன்ன வார்த்தை இது. இதை இந்தப் பக்கத்தில் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். கடைசியில் மகனிடமே கேட்டேன். "எழுதுங்க. என் பேரைப் போடாதீங்க, கெமிஸ்ட்ரி மார்க்கையும் போடாதீங்க" என்றான். இரண்டையும் போடவில்லை. ஆனால், அந்த மார்க்கில் இருந்துதான் கதையே ஆரம்பம்.

பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்த வாரம் அது. ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் நீல வெளிச்சம், காதில் வயர், விரல் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கும். கேம்தான் ஆடுகிறான் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். ஊரடங்கில் ஆன்லைன் கிளாஸுக்காக வாங்கிய போன். கிளாஸ் முடிந்து எத்தனையோ காலமாச்சு, போன் மட்டும் அவன் கையை விட்டுப் போகவில்லை. அக்கா மகளுக்கு அப்போது ஒரு போன் தேவைப்பட்டது. சரி, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன்.

அவன் டியூஷன் போயிருந்த நேரம் பார்த்து போனை எடுத்தேன். அதன் பேட்டர்ன் லாக் எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. அடுத்தவர் கைக்குப் போகிறதே, சுத்தம் பண்ணிக் கொடுப்போம் என்று ரீசெட் அழுத்தினேன். எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று போன் கேட்டது. ஆமாம் என்றேன். மறுபடி கேட்டது. மறுபடியும் ஆமாம் என்றேன். போனுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

பையன் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்து, பதில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. போனை வாங்கிப் பார்த்தான். "இதுல என் பாட்டெல்லாம் இருந்துச்சேம்மா" என்றான். அப்போதுதான் அந்த டவுன்லோடு வசனத்தைப் பேசினேன்.

"அது நான் போட்டதும்மா. டவுன்லோடு பண்ண முடியாது."

27 பாட்டு. ஒன்றரை வருஷ வேலை. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது; ஒரே ஒருவரைத் தவிர. என் மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. அவர்தான் அன்று ராத்திரி என்னிடம், "அவன் என்னமோ கட்டம் கட்டமா வெச்சு தாளம் போடுவான். நான் வெத்தல இடிக்கிறதைக்கூடப் பிடிச்சு வெச்சிருந்தானே, அதுவும் போச்சா?" என்று கேட்டார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அக்காவுக்கு போன் செய்து, வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்ளச் சொன்னேன். போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை அவன். மூன்றாம் நாள் நானே பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எப்படிப் போடுவ, எனக்குக் காட்டேன்" என்றேன்.

காட்டினான். ஒரு வரிசையில் 16 கட்டம். அதுதான் ஒரு சுற்று. நாலு தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் நாலு கட்டம். கிக் என்கிற கனமான அடியை 1, 9 ஆகிய கட்டங்களில் வைத்தான். ஸ்னேர் என்கிற 'பட்' சத்தத்தை 5, 13. அதற்கு மேல் ஒன்றுவிட்டு ஒரு கட்டத்தில் 'ட்ஸ்... ட்ஸ்' என்று ஜால்ரா மாதிரி ஒன்று. பிளே அழுத்தினான். அட, எங்கேயோ கேட்ட மாதிரியே இருந்தது. "பாதி சினிமாப் பாட்டுக்கு அடியில இதுதாம்மா ஓடும்" என்றான். நிமிஷத்துக்கு எத்தனை தட்டு என்பதுதான் வேகம். அதைக் கூட்டினால் குத்து, குறைத்தால் தாலாட்டு. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கணக்குதான் இதுவும். புள்ளி எல்லோருக்கும் ஒன்று. இழுக்கிற கோடு அவரவர் கை.

போனில் செய்வதெல்லாம் ஒரு இசையா என்று உங்களைப் போலவே நானும் கேட்டேன். அமெரிக்காவில் ஸ்டீவ் லேசி என்று ஒருவர் இருக்கிறாராம், 1998-ல் பிறந்தவர். ஐபோனில் இருக்கும் கராஜ்பேண்ட் செயலியிலேயே பாட்டு அமைத்தவர். கிடாரை ஒரு சின்னக் கருவி வழியாக போனில் செருகி வாசித்து, பாடுவதை போன் மைக்கிலேயே பதிவு செய்தவர். கென்ட்ரிக் லாமரின் 2017 ஆல்பமான 'டேம்'-ல் 'பிரைட்' என்ற பாட்டுக்கு இவர் போனில் போட்ட இசைதான் அடித்தளம். அந்த ஆல்பத்துக்கு 2018-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. புலிட்சர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுப்பது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், இசைக்கும் உண்டாம். அதற்கும் முன்பே, 2010-ல், கொரில்லாஸ் என்ற இங்கிலாந்துக் குழு வட அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போன வழியில் ஒரு முழு ஆல்பத்தின் பெரும்பகுதியை ஐபேடில் செய்திருக்கிறது. அதற்காக என் பையனும் புலிட்சர் வாங்குவான் என்று சொல்ல வரவில்லை. அவன் கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணினால் போதும் எனக்கு.

இன்னொரு விஷயமும் அன்றுதான் புரிந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் வயர் இல்லாத இயர்போன் கேட்கும்போது, இவன் மட்டும் பழைய வயர் வைத்ததே வேண்டும் என்று அடம்பிடிப்பான். விநோதமான பிள்ளை என்று நினைத்திருக்கிறேன். புளூடூத் வழியாக வரும் சத்தம் காதுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் தாமதமாகும். பாட்டுக் கேட்பதற்கு அது ஒன்றும் பெரிதில்லை. ஆனால், விரலால் தட்டித் தாளம் போடுகிறவனுக்கு, தட்டியது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம் என்றால் எல்லாம் குழம்பிவிடும். வயர் வைத்தது ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்தேன். கூடவே ஒரு கண்டிப்பும். 80 டெசிபல் அளவில் கேட்டால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை காதுக்குப் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். இதை ஒரு சீட்டில் எழுதி அவன் மேஜையில் ஒட்டியிருக்கிறேன். எதிர்ப்பு இல்லை, கையில் இருந்த குற்றவுணர்ச்சியை மறைக்க நானும் ஏதாவது கண்டிக்க வேண்டியிருந்தது என்று அவனுக்குத் தெரியும் போல.

போனது திரும்ப வருமா என்று இரண்டு கடைகளில் கேட்டுப் பார்த்தோம். வராது என்றார்கள். அவன் பயன்படுத்திய செயலி, செய்கிற பாட்டையெல்லாம் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிற வகை. அப்படிப்பட்ட செயலியை போனிலிருந்து நீக்கினாலே பாட்டுகளும் சேர்ந்து போய்விடும். ரீசெட் என்றால் கேட்கவே வேண்டாம். உங்கள் வீட்டிலும் இப்படித் தட்டுகிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், "எல்லாத்தையும் வேற எங்கயாவது எடுத்து வெச்சிருக்கியா?" என்று. முடிந்த பாட்டை வேவ் கோப்பாக வெளியே எடுத்து கூகுள் டிரைவிலோ பென் டிரைவிலோ போடச் சொல்லுங்கள். ஒரு நிமிஷப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். பெரிய இடம் இல்லை. குரல் தனி, தாளம் தனி என்று பிரித்தும் எடுத்து வைத்தால் பிற்பாடு திருத்தலாம். என் பையன் இப்போது பேண்ட்லேப் என்ற சிங்கப்பூர்ச் செயலிக்கு மாறியிருக்கிறான். இலவசம்தான், பாட்டு இணையத்தில் அவன் கணக்கிலும் சேமிப்பாகிறது. என் கை எட்டாத இடம் என்பது கூடுதல் வசதி.

27-ல் ஐந்தாறை ஞாபகத்தில் இருந்து திரும்பப் போட்டுவிட்டான். சாப்பாட்டு மேஜையில் தட்டிப் பார்த்து, தலையாட்டி, திரும்பத் தட்டி... சாம்பார் ஆறிப்போகும், நான் வாயைத் திறப்பதில்லை. மற்றவை போனது போனதுதான். அவன் ரொம்ப வருத்தப்பட்டது மாமியாரின் வெற்றிலை உரலுக்குத்தான். 'டக்டக்... டங்', நடுவில் ஒரு சுரண்டல். அதைத்தான் ஒரு பாட்டுக்கே தாளமாக வைத்திருந்தானாம்.

"அதுக்கென்ன, நான் உசிரோடத்தான இருக்கேன்? வா, இடிக்கேன்" என்றார் மாமியார்.

ஃபேனை நிறுத்தினோம். ஃபிரிட்ஜையும் நிறுத்தச் சொன்னான், அதன் உறுமல் விழுமாம். ஜன்னலைச் சாத்தியாச்சு. போனை ஒரு துண்டின் மேல் வைத்து, உரலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தான். அத்தை இடிக்க ஆரம்பித்தார்.

ஐப்பசி மழையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது அவருக்கு. கட்டு பிரித்தாகிவிட்டது, ஆனால் கையில் பழைய பிடி இல்லை. இப்போது இடது கையால்தான் இடிக்கிறார். டக்... டக்... டங். சுரண்டல் வரவில்லை.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் பதிவு செய்தான். "நல்லா விழுந்துச்சா ஏல?" என்று கேட்டார். "நல்லா விழுந்துச்சு ஆச்சி."

ராத்திரி எனக்குப் போட்டுக் காட்டினான். அத்தையின் இடி எந்தக் கட்டத்திலும் சரியாக உட்காரவில்லை. ஒன்று கொஞ்சம் முந்தி, ஒன்று கொஞ்சம் பிந்தி. அதைத் தானாகவே கட்டத்துக்குள் இழுத்து நேராக்குகிற வசதி செயலியில் இருக்கிறதாம். ஒரு தடவை அழுத்திக் காட்டினான். மிஷின் இடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. உடனே பழையபடி மாற்றினான்.

"பழைய வேகத்துக்கு ஓட்டலாமே?" என்றேன்.

"ஓட்டலாம். ஆனா அது ஆச்சி இல்லையேம்மா." மற்ற எல்லா வாத்தியத்தின் வேகத்தையும் குறைத்து, அவருடைய கைக்குத் தக்கபடி வைத்திருந்தான். மூலையில் இருந்த எண்ணைக் காட்டினான்.

"பழைய பாட்டு 92. இது 78."

இயர்போனில் ஒன்றை என் காதில் வைத்துவிட்டு, பிளே அழுத்தினான்.